மார்ஜரியின் முன்பக்கம்

அந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க விரும்புகிறவர்கள், ஐம்பது வயது கடந்த உள்ளூர்ப் பொருள் ஒன்றிடமிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். பொருள் எதுவாகவும் இருக்கலாம். விதிகள் இரண்டுதான். விண்ணப்பதாரர் அந்தப் பொருளோடு மூன்று இரவுகள் தங்கியிருக்க வேண்டும். அது அவருக்கு உறவாக இருக்கக் கூடாது.

இசக்கியம்மாளும் அவள் கணவன் சிவனணைந்த பெருமாளும் ஏற்கெனவே இரண்டு முறை முயன்றிருந்தார்கள். முதல் முறை லிங்கன்ஷயரில் ஒரு தேவாலய மணி. மணிகள் கறாரானவை என்று எல்லோரும் சொல்லியும் பெருமாள் கேட்கவில்லை. பிரசங்கத்தின் நடுவே இருவரும் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டதாக அது எழுதிவிட்டது. அது உண்மைதான். இரண்டாவது முறை பிரைட்டனில் ஒரு விடுதி வாசலில் இருந்த குடைத் தாங்கி. அது ஒரே ஒரு வரி எழுதியிருந்தது. ‘இவர்களை நான் கவனிக்கவில்லை.’

மணியின் கடிதத்தை இசக்கி இரண்டு நாளில் மறந்துபோனாள். குடைத் தாங்கியின் வரி மறக்கவே இல்லை. பதினோரு வருடங்களாக அவள் லெஸ்டரில் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அந்த ஊரில் எத்தனையோ பேர் அவள் செதுக்கிய பற்களால்தான் ரொட்டியைக் கடித்தார்கள், பேருந்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள்.

விசா முடிய ஒரு மாதம்தான் இருந்தது.

இசக்கியின் அக்காள் கணவன் உலகநாதன் ரெடிங்கில் இருந்தான். பாத் நகரத்து விடுதி ஒன்றில் நிற்கும் ஆளுயரக் கடிகாரம் அவனுக்கு நான்கு பக்கச் சான்றிதழ் கொடுத்திருந்தது. அதிலிருந்து இந்த விஷயத்தில் அவன் எல்லோருக்கும் யோசனை சொன்னான்.

“கேரவன்தான் சகலை இப்ப நடப்பு” என்றான் தொலைபேசியில். “பழைய மாடலாப் பாத்துப் புடிங்க. அதுகளுக்குக் குணம் நல்லாருக்கும். ஆனா உடுப்பு முக்கியம் பாத்துக்கிடுங்க. அந்தக் காலத்து ஆளுக மாதிரி போய் நிக்கணும்.”

பெருமாள் தோள்பட்டி வைத்த கால்சட்டையும் ஒரு தொப்பியும் வாங்கினான். இசக்கி கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட சேலையைப் பெட்டியில் வைத்தாள். அரிசி, கடுகு, ஒரு பை எலுமிச்சம்பழம் ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டாள். விசா முடிய இருபத்தாறு நாட்கள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், இருவரும் காரில் ஷ்ராப்ஷயருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

குன்றுகளுக்கு நடுவே மிஸஸ் ஃபெல்டன் என்ற அம்மாளின் ஆட்டுப் புல்வெளி இருந்தது. அதில் ஐந்து கேரவன்கள், காரில் மாட்டி இழுத்துப் போகிற சக்கர வீடுகள், ஒன்றை ஒன்று பார்க்காதபடி நின்றன. யாரோ பதிவை ரத்து செய்ததால் இவர்களுக்குக் கிடைத்தது மார்ஜரி. 1959இல் செய்தது. மேல்பாதி பாலாடை நிறம், கீழ்பாதி வெளிறிய பச்சை, இரண்டுக்கும் நடுவே ஒரு குரோமியப் பட்டை. மூலைகள் எல்லாம் சோப்புக்கட்டி தேய்ந்தது போல வளைந்திருந்தன. உள்ளே மஞ்சள் ஃபார்மிகா மேசை, பூப்போட்ட திரைகள், குமிழ் வைத்த ரேடியோ, விசில் அடிக்கும் கெட்டில், கம்பளிச் சதுரங்களைக் கோத்துப் பின்னிய போர்வை. ஜன்னலுக்கு மேலே முக்கோணத் துணிக்கொடிகள் தொங்கின.

மிஸஸ் ஃபெல்டன் ரப்பர் காலணியோடு வாசலிலேயே நின்று பேசினார்.

“நேருக்கு நேராக அவளைப் புகழாதீர்கள். அவளுக்குப் பிடிக்காது. தினமும் காலை ஒன்பது மணிக்கு டிராக்டரால் எல்லாரையும் ஒரு கை நீளம் முன்னால் இழுப்பேன். ஒரே இடத்தில் நின்றால் புல் மஞ்சளாகிவிடும். அப்போது நீங்கள் வெளியே நிற்க வேண்டும். சான்றிதழ் திங்கள் காலை ரொட்டி டப்பாவில் இருக்கும். அதற்கு முன்னால் திறந்து பார்க்காதீர்கள்.”

“அவங்க நல்லா எழுதுவாங்களா?” என்று பெருமாள் கேட்டான்.

“பார்த்ததை எழுதுவாள்” என்றார் மிஸஸ் ஃபெல்டன்.

அன்று மார்ஜரி மிகவும் மரியாதையாக நடந்துகொண்டது. இசக்கி ஏறும்போது படி ஒரு விரற்கடை தாழ்ந்து கொடுத்தது. குவளைகள் கைப்பிடியை வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தன. கெட்டில் பேச்சு முடியும்வரை பொறுத்திருந்து பிறகு மெல்ல விசிலடித்தது. பெருமாள் தொப்பியைக் கழற்றியதும் சுவரில் ஒரு கொக்கி வெளியே வந்தது.

“நாலு பக்கம் உறுதி” என்றான் பெருமாள், குரலைத் தாழ்த்தி.

“சத்தம் போடாதீங்க. கேக்கும்” என்றாள் இசக்கி.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டிராக்டர் சத்தம் கேட்டது. பெருமாள் பல் துலக்கிக்கொண்டு வேலியோரம் போயிருந்தான். இசக்கி புல்லில் நின்றாள். மிஸஸ் ஃபெல்டன் சங்கிலியை மாட்டினார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இசக்கியின் கை பைக்குள் போய் இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்தது. அவள் அப்பா சங்கரன்கோவிலில் மூன்று லாரி வைத்திருந்தவர். ஒரு வண்டி கிளம்புவதும் அதன் சக்கரத்தடியில் பழம் இல்லாமல் இருப்பதும் சேர்ந்து நடந்து அவள் பார்த்ததில்லை. குனிந்து இடச்சக்கரத்துக்கு ஒன்று, வலச்சக்கரத்துக்கு ஒன்று வைத்தாள். கைப்பையில் எப்போதும் இருக்கும் குங்குமச் சிமிழைத் திறந்து, சங்கிலி மாட்டிய பக்கத்து ஜன்னலுக்கு நேர் கீழே மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

“ஆயிற்றா?” என்றார் மிஸஸ் ஃபெல்டன் டிராக்டரில் இருந்தபடி.

“ஆச்சு.”

மார்ஜரி ஒரு கை நீளம் முன்னால் போயிற்று. பழங்கள் நசுங்கின. ஒரு ஆடு வந்து முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, தும்மியது. இசக்கி சிரித்துவிட்டாள்.

அன்று மதியத்திலிருந்து மார்ஜரியின் நடத்தை மாறியது.

படி தாழவில்லை. இசக்கி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. கெட்டில் பெருமாள் பேசிக்கொண்டிருக்கும்போதே வீறிட்டது. கரண்டி டிராயர் திடீரென்று திறந்து அவன் முழங்காலில் இடித்தது. ரேடியோவில் அவன் கிரிக்கெட் வைத்தால் அது தானாகக் குமிழைத் திருகிக் கடல் வானிலை கேட்டது. எந்தக் கடலில் எந்தத் திசைக் காற்று என்று ஒரு மனிதர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். பெருமாள் மாற்றினான். அது மறுபடி கடலுக்கே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனுடைய தொப்பி கட்டிலுக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. பிறகு தேநீர் டப்பாவுக்குள் இருந்தது.

“ஏட்டி, என்ன பண்ணித் தொலச்ச?” என்றான் பெருமாள். “முந்தாநாளு தங்கமா இருந்துச்சே.”

“நான் என்னத்தப் பண்ணுனேன்?”

“நாளைக்குக் கடுதாசியில எழுதிரும். இவங்க ஆளு சரியில்லன்னு எழுதிரும். அவ்வளவுதான். பொட்டியக் கெட்ட வேண்டியதுதான்.”

உலகநாதனைக் கூப்பிட்டுக் கேட்டான்.

“டிராயரால இடிச்சிச்சா?” என்றான் உலகநாதன். “நம்ம கடிகாரம் மூணு நாளும் குரல ஒசத்தல சகலை. மணி அடிக்கறதுக்கு முன்னால ஒரு கனைப்பு கனைக்கும். நாம திடுக்குன்னு ஆயிரக் கூடாதுல்லா, அதுக்கு. நீங்க உடுப்புப் போட்டீயளா இல்லியா?”

“போட்டுருக்கேன். தோளு ரெண்டும் கன்னிப்போச்சு.”

“அப்ப வேற என்னமோ. அத அனுசரிச்சு நடந்துக்கிடுங்க.”

இசக்கி குவளைகளைக் கழுவ வெளியே இருந்த குழாய்க்குப் போனாள். பக்கத்துக் கேரவனில் லண்டனிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. வெறுமனே அழகுக்காக வந்தவர்கள். அந்தப் பெண் குடை போல விரியும் பாவாடை கட்டிக்கொண்டு படியில் உட்கார, கணவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்தபோது படி ஒரு விரற்கடை தாழ்ந்து கொடுத்தது. கதவு தானாகத் திறந்தது. உள்ளே கெட்டில் மெல்லிய குரலில் அனுமதி கேட்பது போல விசிலடித்தது.

இசக்கி குழாயை மூட மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா வீட்டுக்கு யாராவது வெளியாள் வந்தால் தம்ளரைத் தட்டில் வைத்துத் தண்ணீர் கொடுப்பாள். இசக்கி போனால், ‘குடத்துல இருக்கு, மோந்து குடி, எனக்கும் ஒரு செம்பு கொண்டா’ என்பாள்.

மார்ஜரிக்குத் தங்கள்மேல் கோபம் எதுவும் இல்லை என்பது இசக்கிக்கு அப்போது தெரிந்தது. அதோடு, உறவாக இருக்கக் கூடாது என்ற இரண்டாவது விதியும் நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்து பெருமாளிடம் சொன்னாள்.

“நேத்து வண்டி நகரும்போது பழம் வச்சேன். பொட்டும் வச்சேன்.”

பெருமாள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

“சொந்த வண்டிக்குல்லா அதச் செய்வாவ?” என்றான்.

“ஆமா.”

“அப்ப அது நம்மளச் சொந்தம்னு எடுத்துக்கிட்டு.”

“ஆமா.”

“சொந்தக்காரங்க எழுதுனா செல்லாது.”

“தெரியும்.”

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். ரேடியோ வடமேற்கில் காற்று வலுப்பதாகச் சொன்னது.

“இன்னும் ஒரு ராத்திரி இருக்கு” என்றான். “ஈரத்துணியால பொட்டத் தொடச்சு விட்டுரு. பழம் நசுங்குனது நசுங்குனதுதான், அத ஒண்ணும் பண்ண முடியாது. பொட்டு போச்சுன்னா பாதியாவது வெளியாள் ஆயிரும்லா? பாதி வெளியாள் எழுதுனா எடுத்துக்கிடுவான்.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இருபத்து நான்கு நாட்களில் நான்காவது பொருள் ஒன்றைப் பிடிப்பது நடக்காது. நல்ல பொருட்கள் எல்லாம் மூன்று மாதம் முன்பே பதிவாகிவிடும்.

இசக்கி துணியை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். வெயில் சாய்ந்து குரோமியப் பட்டையில் ஓடியது. ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. முகத்துக்குக் கீழே பொட்டு இருந்தது. பனியில் நனைந்து ஓரம் கொஞ்சம் பரவியிருந்தது. துணியை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒரு பொட்டை அழிப்பது எப்படி என்று அவள் கைக்குத் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணாடியின் விளிம்பைத் துடைத்தாள். பட்டையைத் துடைத்தாள். பொட்டைச் சுற்றி ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக விட்டுவிட்டு மார்ஜரியின் முன்பக்கம் முழுவதையும் துடைத்துப் பளபளவென்று ஆக்கினாள். பிறகு சிமிழைத் திறந்து, பரவிய பொட்டை விரலால் சரிசெய்தாள்.

உள்ளே வந்தபோது பெருமாள் கேட்டான். “தொடச்சிட்டியா?”

“தொடச்சேன்.”

அவன் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கப் போனான். மார்ஜரி திரையை இழுத்து மூடிக்கொண்டாள்.

திங்கள் காலை ரொட்டி டப்பாவைத் திறந்தார்கள். வெண்ணெய்த் தாளில், தையல் போன்ற நெருக்கமான கையெழுத்தில், பச்சை மையால் எழுதிய ஒன்பது பக்கங்கள் இருந்தன. பெருமாள் படித்தான். இசக்கி ஃபார்மிகா மேசையில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

‘இந்தப் பெண் அரிசியை மூன்று முறை கழுவுகிறாள். பாத்திரம் கழுவுமுன் வளையல்களைக் கழற்றிக் குழாயில் மாட்டுகிறாள். ஒரு முறை மறந்துவிட்டு, பாதி வழி வந்து திரும்பிப் போனாள். அவள் கணவர் அடுத்த பக்கத்திலிருந்து எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கிறார். காதில் விழாவிட்டாலும் அவள் ம் என்கிறாள். அவர் தூங்கும்போது வலது கையைக் கன்னத்துக்கு அடியில் வைக்கிறார். தான் இல்லாத நேரத்தில் தொப்பியை அவள் ஒரு முறை போட்டுப் பார்த்தது அவருக்குத் தெரியாது.’

“போட்டியா?” என்றான் பெருமாள்.

“மேல வாசிங்க.”

‘சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு ஆட்டைப் பார்த்துச் சிரித்தாள். சத்தமாகச் சிரித்தாள். அதன்பின் யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். நான் பார்த்தேன். அன்று மாலை என் படியில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாள். இருபத்தைந்து வந்தது. மறுபடி எண்ணினாள். இருபத்தைந்துதான் வந்தது. அவள் உட்கார்ந்தால் இடது சக்கரம் சிறிது அமுங்கும். அந்த எடை எனக்குப் பழகிவிட்டது.’

இப்படியே எட்டரைப் பக்கம் போயிற்று. கடைசி அரைப் பக்கத்தில், ‘இவர்களைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கும் நான் இவர்களுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தர முடியாது. வீட்டு ஆள் சொல்வது சாட்சியாகாது. கையொப்பம், மார்ஜரி’ என்று இருந்தது.

பெருமாள் தாள்களை ஒழுங்காக அடுக்கினான்.

“ஒம்பது பக்கம்” என்றான். “உலகநாதனுக்கு நாலுதான்.”

மிஸஸ் ஃபெல்டன் வந்து கடிதத்தைப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்படியானால் அவளை அழைத்துக்கொண்டு போங்கள்” என்றார். “அடுத்தவர்கள் வீட்டுப் பிள்ளையை நான் இங்கே வைத்திருப்பதில்லை.”

இழுத்துப் போகிற கொக்கியை அவரே காரில் பொருத்திக் கொடுத்தார். வழிக்கு ஆரஞ்சு ஜாம் ஒரு பாட்டிலும் கொடுத்தார். மார்ஜரி நின்றிருந்த இடத்தில் புல் மஞ்சளாகாமல் பச்சையாகவே இருந்தது.

அலுவலகத்தில் நீலச் சட்டை அணிந்த ஒரு பெண் ஒன்பது பக்கங்களையும் படித்தாள். நடுவில் ஒரு முறை பின்னால் திருப்பி, ஆடு வரும் இடத்தை மறுபடி படித்தாள். இசக்கி அவள் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்வரிசையில் இடப்பக்கம் மூன்று பற்கள் இசக்கி செய்தவை.

“இது சான்றிதழாகச் செல்லாது” என்றாள் அந்தப் பெண். “உறவினர்.”

“தெரியும்” என்றாள் இசக்கி.

“ஆனால் இதை உறவுக்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம். மார்ஜரி இந்த நாட்டில் பிறந்தவர். அவருடைய குடும்பம் என்ற முறையில் நீங்கள் தங்கலாம். அதற்கு வேறு படிவம்.” மேசைக்கு அடியிலிருந்து எடுத்தாள். “அவர் உங்களுக்கு என்ன உறவு?”

பெருமாள் இசக்கியைப் பார்த்தான். இந்தக் கேள்வியைப் பற்றி அவர்கள் வழியில் பேசிக்கொள்ளவில்லை.

“மக” என்றாள் இசக்கி. பிறகு ஆங்கிலத்திலும் சொன்னாள்.

அந்தப் பெண் தாயின் வயது என்ற கட்டத்தில் முப்பத்தெட்டு என்றும், மகளின் வயது என்ற கட்டத்தில் அறுபத்தைந்து என்றும் எழுதினாள். முத்திரை குத்தினாள்.

“ஒரு நிபந்தனை. மகள் மணமாகாமல் உங்கள் பராமரிப்பில் இருக்கும்வரைதான் இது செல்லும். மணமானால் அவருடைய குடும்பம் வேறாகிவிடும்.”

“இப்ப எங்க கலியாணம்” என்றான் பெருமாள் தமிழில்.

மார்ஜரி லெஸ்டரில் அவர்கள் வீட்டு முன்வாசலில் நின்றாள். காலையில் பெருமாள் அவளைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போனான். மாலையில் இசக்கி அவள் படியில் உட்கார்ந்து காய் நறுக்கினாள். கெட்டில் பேச்சுக்கு நடுவே வீறிட்டது. நாட்களை எண்ணுகிற பழக்கம் இசக்கியிடமிருந்து போய்விட்டது.

இரண்டாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உலகநாதன் கூப்பிட்டான். இந்த முறை இசக்கியிடம் கொடுக்கச் சொன்னான்.

“இசக்கி, நல்லா யோசிச்சுச் சொல்லு. பாத் ஊருக்குப் போயிருந்தேன். நம்ம கடிகாரம் கேக்கு.”

“என்னத்தக் கேக்கு அத்தான்?”

“மார்ஜரியத்தான். போட்டோ காமிச்சேன். பெண்டுலம் நின்னுபோச்சு. தேக்கு ஒடம்பு, தங்கமான குணம். வயசு நூத்தி நாப்பது. வித்தியாசம் கொஞ்சம் கூடத்தான். ஆனா ஒரு நிமிசம் முன்னப்பின்ன போனதில்ல.”

இசக்கி வாசலைப் பார்த்தாள். ரேடியோவின் சத்தம் குறைந்திருந்தது. மார்ஜரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்ப முடியாது அத்தான்” என்றாள் இசக்கி. “அவ படிச்சிட்டு இருக்கா.”

“படிக்காளா? என்ன படிக்கா?”

“படிக்கா. முடிக்கட்டும். பாப்போம்.”

சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு மார்ஜரியை மாலைக் கல்லூரிக்கு அழைத்துப் போனாள். கம்ப்யூட்டர் எடுத்தால் உடனே வேலை கிடைக்கும் என்று பெருமாள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். மார்ஜரி ரேடியோவில் கடலை வைத்தாள். அதனால் புவியியலில் சேர்த்தார்கள். மூன்று வருடப் படிப்பு.

அடையாள அட்டைக்குப் படம் எடுக்க அவளைக் கல்லூரி முற்றத்தில் நிறுத்தினார்கள். படம் எடுப்பவர் ஒரு முறை அவளைச் சுற்றி வந்துவிட்டு, முன்பக்கம் எது என்று கேட்டார்.

இசக்கி பொட்டு இருக்கிற பக்கத்தைக் காட்டினாள்.